சோயாச் சக்கையும் முப்பது ஒன்பதுகளும்

ஜூன் 12, வியாழன்

பொன்னமராவதியிலிருந்து சோயாச் சக்கை வந்தது. 'வந்தது' என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். புதுக்கோட்டையில் மாறி இரண்டு பஸ், குளத்தூரில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. மடியில் பால் கேன், கேனுக்குள் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டிக்கு நடுவில் சக்கை.

அங்கே நாகராசு அண்ணன் சோயாப் பாலைக் காய்ச்சித் திரித்து, பன்னீர்க் கட்டியாக்கி விற்கிறார். பால் பிழிந்தது போக மிஞ்சுவதில் பாதி அவர் வீட்டு மாட்டுக்கு, பாதி என் முனைவர் பட்டத்துக்கு. எட்டு வருடமாக இந்த ஏற்பாடு. மாடு நல்ல சதைப்பிடிப்போடு இருக்கிறது.

கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, மாவு புளிச்சிருச்சா?"

"இல்லைங்க. ஆராய்ச்சி."

"அதான் இந்த வாடை அடிக்குது."

யாராவது கேட்டால் சொல்வதற்கென்று ஒரு விளக்கம் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சக்கையில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார். அதை வேக வைத்து, நொதி சேர்த்து, அரைத்துக் கொஞ்சம் கரையும் நாராக மாற்றலாம். கரையும் நார் தண்ணீர் குடித்து ஊதி வழுவழுப்பாகும். அந்த வழுவழுப்பை நாக்கு நெய் என்று நம்பிவிடும். ஆக, நெய்யில்லாத கேசரி. கேட்டவர் தலையாட்டிவிட்டு, "அதுக்கு நெய்யே போட்டுறலாம்ல?" என்பார். எட்டு வருடத்தில் இதற்கு மட்டும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பல்கலைக்கழகக் கடிதம். என் பகுதிநேர ஆய்வுப் பதிவுக்குக் கடைசி நீட்டிப்பு, செப்டம்பர் 30 வரை. 'இதற்கு மேல் எக்காரணம் கொண்டும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போன வருடமும் இதே சொற்கள்தான். ஆனால் தடிப்பு இல்லை.

ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. மாற்றிய நாரைப் போட்டுக் கிண்டிய கேசரியை முப்பது பேர் தின்று மதிப்பெண் போட வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது: கரையும் நார் நூற்றுக்கு நாலாக இருந்ததைப் பதினாறு ஆக்கியிருக்கிறேன். மனிதர்கள் மட்டும்தான் மிச்சம்.

மதியம் தாளாளர் கூப்பிட்டார். அக்டோபரில் கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன்.

"டாக்டர் பட்டம் இருக்கவங்களைத்தான் இனிமே லிஸ்ட்ல எடுப்பாங்களாம். நீங்க எப்ப முடிக்கிறீங்க மிஸ்?"

"செப்டம்பர்ல முடிச்சுருவேன் சார்."

"முடிச்சா இருங்க" என்றார். முடிக்காவிட்டால் என்ற பாதியைச் சொல்லாமல் விட்டது அவருடைய பண்பு.

பதினான்கு வருடமாக நான் இங்கே தற்காலிக உதவிப் பேராசிரியை. நான் சேர்ந்த வாரம் நட்ட வேப்பங்கன்றின் நிழலில் இப்போது கல்லூரி பஸ் நிற்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நாரை மிக நுண்ணியதாகக் கிழிக்க ஓர் எந்திரம் உண்டு. ஹோமோஜினைசர். பெருத்த அழுத்தத்தில் கூழைச் சின்னத் துளை வழியே பீய்ச்சும். எங்கள் ஆய்வகத்தில் அது ஆறு வருடமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. உறையின் மேல் வரிசையாக ஆறு குங்குமப் பொட்டு, ஆயுத பூஜைக்கு ஒன்று வீதம். ஒரு நாள்கூட வேலை செய்யாமல் இத்தனை பூஜை வாங்கிய ஆயுதம் மாவட்டத்தில் வேறு இருக்காது.

தாளாளரிடம் மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார்: "ஓட்டிப் பழுதாகிப் போச்சுன்னா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு எதைக் காட்டுறது?"

யோசித்துப் பார்த்தால் இதில் தவறே இல்லை.

ஆகையால் எப்போதும் போல ஹாஸ்டல் கிரைண்டர். ஹாஸ்டல் சமையலுக்குப் பொறுப்பு முனியாயி அக்கா. இருநூறு பெண்களுக்குப் பொங்கிப் போடுகிறவர். இட்லிக்கு மாவு ஆட்டுவது மத்தியானம் என்பதால் காலையில் ஒரு மணி நேரம் கிரைண்டரை எனக்கு விடுவார்.

"மிஸ், இதுல ஒங்க சக்கையை அரைச்சா நாளைக்கு என் இட்லியும் ஆராய்ச்சி ஆயிராதுல்ல?"

"ஆகாதுக்கா. கழுவித் தந்துருவேன்."

"ஒங்க கழுவலு எனக்குத் தெரியும். நானே கழுவிக்கிறேன். நீங்க அங்கிட்டுப் போங்க."

ஜூலை 8, செவ்வாய்

சக்கை பஸ்ஸிலேயே புளித்துவிட்டது. ஒரு வாரம் வீண். மாட்டுக்குக்கூடக் கொடுக்க முடியாது.

ஜூலை 17, வியாழன்

சுவைக் குழு கூடியது. கல்லூரி பஸ் டிரைவர்கள், ஹாஸ்டல் சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், துப்புரவு அக்காக்கள், ஆபீஸ் ஆட்கள். முப்பது பேர். ஆளுக்கு நாலு பேப்பர் கப்பில் கேசரி. அ என்பது முழு நெய். ஆ பாதி நெய், பாதி நார்க்கூழ். இ-யில் கால் பங்குதான் நெய். ஈ-யில் நெய்யே கிடையாது.

மதிப்பெண் தாளை நானே தமிழில் எழுதினேன். ஒன்பது என்றால் 'மிக மிக விரும்புகிறேன்'. ஒன்று என்றால் 'மிக மிக வெறுக்கிறேன்'. நடுவில் ஐந்து: 'விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.' முனிவர்கள் காட்டில் உட்கார்ந்து தேடிய நிலை; இங்கே ஒரு டிக் அடித்தால் போதும்.

எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். மறைக்காமல் சொல்ல வேண்டும், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று போட வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாரும் பயப்படாதீங்க. இது எனக்குத்தான் பரீட்சை, ஒங்களுக்கு இல்ல" என்று வாய் சொல்லிவிட்டது.

முப்பது முகமும் இளகியது. பஸ் டிரைவர் சேரன் எழுந்தே நின்றுவிட்டார். "கவலையை விடுங்க மிஸ். நாங்க இத்தனை பேர் இருந்து ஒங்களை ஃபெயிலாக விட்டுருவமா?"

ஒரு கப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வைத்திருந்தேன். "தண்ணி எதுக்கு? தொட்டுக்கக் காராச்சேவு இல்லையா?" என்று ஒரு குரல். எல்லோரும் கப்பை வழித்துச் சாப்பிட்டார்கள். முனியாயி அக்கா போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "தேனா இருந்துச்சு மிஸ்" என்றார். "எது, அக்கா?" "எல்லாந்தான்."

முடிந்த பிறகு சட்டியில் ஒட்டியிருந்த ஈ-யை நான் வாயில் போட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

மொத்தம் நூற்றிருபது மதிப்பெண். நூற்றுப் பத்தொன்பது ஒன்பது. ஒரே ஓர் எட்டு. சர்க்கரையில்லாத ஈ-க்கும் முப்பது ஒன்பது.

அந்த எட்டு எதற்கு என்று பார்த்தேன். அ. முழு நெய். போட்டவர் சேரன். காரணம் கேட்டேன்.

"நெய்யி கொஞ்சம் தூக்கலாப் போச்சு மிஸ். டாக்டரு வேற குறைக்கச் சொல்லிருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க, வேணும்னா ஒம்போதாத் திருத்திரவா?"

புள்ளியியல் மென்பொருளில் எண்களை ஏற்றினேன். நாலு கேசரிக்கும் நடுவில் வேறுபாடு இல்லை என்று சொல்லிவிட்டது. இந்தக் கட்டடத்தில் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்னது அது ஒன்றுதான்.

ஜூலை 21, திங்கள்

திருச்சி. என் ஆய்வு வழிகாட்டி அறிவுமதி சார். என்னைவிட ஆறு வயது சின்னவர். நல்ல மனிதர், என் கோப்பைத் திறக்கும்போது மட்டும் முகம் மாறும்.

"மேடம், டேட்டா ரொம்ப நல்லாருக்கு. அதுதான் பிரச்சினை."

"திரும்ப வைக்கவா சார்?"

"திரும்ப வச்சாலும் இதேதான் போடுவாங்க. அதுக்கு..." பேனாவை மூடினார், திறந்தார். "கொஞ்சம் விரிச்சுப் போடுங்களேன். ஏழு, எட்டு, இடையில ஒரு ஆறு. இயற்கையா."

"இயற்கையாப் போடுறதுன்னா?"

"எல்லாரும் எப்படிப் போடுறாங்களோ, அப்படி."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் குடுமியான்மலை போகும் வழிப்பலகை தெரிந்தது. பாடுவதற்கு ஸ்வரங்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கும் ஊர். வெட்டினவர் கேட்டவர்களிடம் மதிப்பெண் தாள் கொடுக்கவில்லை. அதனால்தான் வேலை முடிந்திருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, சார் சொன்ன மாதிரி எண்களை விரித்துப் போட மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோரும் தூக்கம்.

முதல் ஐந்து பேருக்குச் சுலபமாக வந்தது. ஏழு, எட்டு, ஏழு, ஆறு, எட்டு. ஆறாவது ஆளுக்கு எல்லாமே ஆறு வந்தது. இவருக்கு ஏன் எல்லாம் ஆறு என்று கேட்டுக்கொண்டேன். பல்வலி. பல்வலியோடு ஏன் கேசரி சாப்பிட வந்தார்? மேலதிகாரி சொல்லியிருப்பார். ஏழாவது ஒரு விதவை, இனிப்பே பிடிக்காது, ஆனால் மகள் வேலைக்குச் சிபாரிசு வேண்டும், ஆகவே எட்டு. எட்டாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, ஆகவே அவர் போட்டதற்கு எதிராகத்தான் போடுவார். பதினோராவது ஆள் வரும்போது எனக்கு அவர்களுடைய ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. காலையில்தான் சாமியார் படைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆறு நாள் எடுத்துக்கொண்டதன் காரணம் புரிந்தது.

அழித்துவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. இந்தப் பதினோரு பேரையும் வாய்மொழித் தேர்வு நாளில் காப்பாற்றத் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

என் கணவர் பெலிக்ஸ் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர். எதையும் சாட்சி இல்லாமல் நம்ப மாட்டார். இன்று சாம்பாரை ஊற்றிவிட்டுக் கேட்டேன்: "எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"மெய்யாச் சொல்லுங்க."

"நல்லாருக்குன்னு சொல்றேன்ல ஞானம்."

"பதினெட்டு வருஷமா இதையே சொல்றீங்க. ஒரு நாள்கூட நல்லா இல்லாமப் போகலையா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த மகள் இனியா, பிளஸ் டூ, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா, சொல்லாதீங்க. பதில் எது சொன்னாலும் சிக்கல்."

பிறகு என்னிடம்: "எனக்கு இந்த வீட்டுல ஓட்டு கிடையாதா? நான் போடுறேன், ஒண்ணு. கேசரி, புட்டு, தோசை எல்லாத்துக்கும் ஒண்ணு. எதைத் தின்னாலும் சக்கை இருக்கான்னு பாத்துத்தான் திங்க வேண்டியிருக்கு."

குடும்பத்தாரைச் சுவைக் குழுவில் சேர்ப்பது விதிப்படி கூடாது. சொன்னேன். சாம்பார் எப்படி என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆய்வக உதவியாளர் அருள்மணி பத்து வருடத்தில் என்னிடம் பத்து வாக்கியம் பேசியிருப்பார். இன்று ஒரே மூச்சில் நாலைந்து.

"மேடம், அவங்க ஒம்போது போட்டது கேசரிக்கு இல்ல. ஒங்களுக்கு. கல்யாண வீட்டுல பந்தியில வந்து 'சாப்பாடு எப்படி'ன்னு கேட்டா எவனாச்சும் குறை சொல்லுவானா? திரும்பி வர்ற வேன்ல கேக்கணும். பாயசத்துல இருந்து பந்திப் பாய் வரைக்கும் பிரிச்சு மேஞ்சிருவான்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"நீங்க செஞ்சதுன்னு சொல்லாதீங்க. திருச்சியில ஏதோ கம்பெனி அனுப்புன சாம்பிளுன்னு சொல்லி நான் குடுக்குறேன். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

எட்டு வருடம் படித்தேன். செய்தவர் யார் என்று சுவைப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது முதல் வருடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானே நடத்தும் பாடம் அது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அதே முப்பது பேர். அதே அ, ஆ, இ, ஈ. இந்த முறை சர்க்கரையை இரண்டு தடவை சரிபார்த்தேன். காலையிலேயே வீட்டில் கிண்டி, நாலு பாத்திரத்தில் கொண்டுவந்து அருள்மணியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது.

ஐந்து நிமிடம் கப்பைச் சுரண்டும் சத்தம். பிறகு சேரன்.

"ஏண்ணே அருளு, இந்தக் கம்பெனிக்காரன் நெய்யைக் கண்ணுல பாத்திருக்கானா?"

சிரிப்பு. ஒருவர் சிரித்தது போதும்; அணை உடைந்த மாதிரி எல்லோரும்.

"மூணாவது கப்பு என்னய்யா, பச்சைப் பயறு வாடை அடிக்குது?"

"பயறா? மாட்டுத் தொட்டி வாடைப்பா."

"நாலாவதைத் தின்னியா?"

"தின்னேன். இன்னும் இறங்கல."

"இதைத் திங்கிறவனுக்குக் கொழுப்பு குறையும்னு போட்டிருக்கான்."

"பின்ன? அடுத்த வேளை சோறே வேணாம்னுருவான்ல, குறையாம என்ன செய்யும்?"

முனியாயி அக்கா குரல் கடைசியாக வந்தது. அது சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவரின் குரல். "வாயில வைக்கயில வழுவழுன்னுதான் இருக்கு. முழுங்கயில தொண்டையில அரிக்குது, மரத்தூளைக் கிண்டுன மாதிரி. அரைச்சது பத்தல. எவ செஞ்சாளோ, ரவையை வறுக்கவும் தெரியல."

ரவையை வறுத்தேன். நன்றாகத்தான் வறுத்தேன். இல்லையா?

பீரோவில் 2011 என்று எழுதியிருந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சராசரி: அ, 8.1. ஆ, 5.2. இ, 3.4. ஈ, 2.3.

மென்பொருள் ஒரு நொடியில் விடை கொடுத்தது. வேறுபாடு மிகத் தெளிவு; தற்செயலாக இப்படி வர ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பும் இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான முடிவு பார்த்ததில்லை. எட்டு வருட உழைப்பை நாக்கு நம்பவில்லை என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நான் ஒரு முட்டாள்.

வியாழனன்று கேசரி கொண்டுபோன பாத்திரங்களை அருள்மணி ஹாஸ்டலில் கழுவப் போட்டிருக்கிறார். நாலும் என் கல்யாணச் சீர்ப் பாத்திரம். நாலிலும் என் பெயரை வெட்டித்தான் அம்மா கொடுத்தார்கள்: 'பெ. ஞானமணி'. திருச்சிக் கம்பெனி என் பெயர் வெட்டிய பாத்திரத்தில் சாம்பிள் அனுப்பியிருக்கிறது.

இன்று காலை கிரைண்டருக்குப் போனேன். பாத்திரங்கள் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக, பெயர் உள்ளே மறையும்படி அடுக்கி, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தது. முனியாயி அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை. கூப்பிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து வாசலில் நின்றார்.

"எழுத்துக் கூட்டிப் படிச்சேன் மிஸ். முதல்ல நம்பல." பிறகு, "ஒங்க கையினு தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சு பேசியிருப்பேனா? ஒம்போதே போட்டிருப்பேனே."

"தெரியலைங்கிறதாலதாங்க்கா எனக்கு வேண்டியது கிடைச்சுது."

"பொய்யி சொல்லாதீங்க மிஸ். மொகம் எப்படிக் கெடக்குது."

பேப்பரைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டை ஒன்பதாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார். முடியாது என்றேன். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டார். ஒன்றும் தீயவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அத்தியாயம் முடிந்தது. இருபத்தெட்டு பக்கம். உண்மை எண்கள். அறிவுமதி சாருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன்.

"மேடம், இதை இப்படியேவா?"

"இப்படியேதான் சார்."

"சரி. பாப்போம்" என்றார். டாக்டர்கள் உறவினர்களிடம் சொல்லும் அதே தொனி.

செப்டம்பர் 8, திங்கள்

ஹாஸ்டல் வழியாகப் போவதில்லை. சுற்றிப் போகிறேன். முனியாயி அக்காவும் எனக்காகச் சுற்றிப் போகிறார் போல. இன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆய்வுக் குழுக் கூட்டம். மூன்று பேராசிரியர்கள், காபி, கிரீம் பிஸ்கட்.

"முடிவு நேர்மையா இருக்கு" என்றார் ஒருவர். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இன்னொருவர்: "ஒங்க தலைப்பு குறைகொழுப்பு உணவு. யாரும் சாப்பிடாத உணவு இல்லையே."

மூன்றாமவர் வயதானவர், மெதுவாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். "தொண்டையில அரிக்குதுன்னு கருத்துப் பகுதியில ஒருத்தர் சொல்லியிருக்காரே. சரியாச் சொல்லியிருக்கார். துகள் பெரிசா இருக்கு. எதுல அரைச்சீங்க?"

"வெட் கிரைண்டர்ல சார்."

"ஒங்க காலேஜ்ல ஹோமோஜினைசர் இல்லையா?"

"இருக்கு சார்."

"பின்ன?"

ஓட்டினால் பழுதாகிவிடும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், பிறகு போட்டுக்கொண்டார். நாரை மேலும் நுண்ணியதாக்கிச் சுவை ஆய்வைத் திரும்பச் செய்து சமர்ப்பிக்கவும் என்று தீர்மானம். நியாயமான தீர்மானம். பதினோரு நாள் இருக்கிறது.

எட்டு வருடத்தில் என் ஆய்வைச் சரியாக மதிப்பிட்டவர் இரண்டு பேர். ஒருவர் இன்று கண்ணாடியைக் கழற்றியவர். இன்னொருவர் ஒரு மாதம் முன்பே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: அரைச்சது பத்தல.

செப்டம்பர் 22, திங்கள்

தாளாளரிடம் எந்திரத்தைக் கேட்டேன். கெஞ்சினேன் என்றும் எழுதலாம்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் மிஸ். அப்புறம் தாராளமா ஓட்டுங்க."

செப்டம்பர் 30, செவ்வாய்

பதிவு காலாவதி. இனியா தோசை கேட்டாள். வெறும் அரிசி மாவில் ஊற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கை இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். சாப்பிட்டாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எந்திரத்துக்கு ஏழாவது பொட்டு. வைக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஒரு ஹோமோஜினைசருக்குக் குங்குமம் வைத்து ஒரு நிமிடம் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 16, வியாழன்

இன்ஸ்பெக்‌ஷன். என் பெயர் பட்டியலில் இல்லை. அன்று நூலகத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். இருந்தேன். குழு ஆய்வகத்தில் அதிக நேரம் நின்றது எந்திரத்தின் முன்னால்தானாம். "நல்லாப் பராமரிக்கிறீங்க" என்றார்களாம். தாளாளர், "புதுசு மாதிரியே வச்சிருக்கோம் சார்" என்றாராம். அருள்மணி சொன்னார். சொல்லும்போது இருவருமே சிரிக்கவில்லை.

மாலையில் ஒரு கடித உறை வந்தது. இந்தப் பருவத்தோடு என் சேவை நிறைவு பெறுகிறது. நவம்பர் 14.

பெலிக்ஸ் கடிதத்தை வாங்கி, பத்திரத்தைப் படிப்பது போல இரண்டு முறை படித்தார். மடித்தார். "சாம்பாரு..." என்றார். "அன்னைக்குக் கேட்டியே. கொஞ்சம் புளி தூக்கல். பதினெட்டு வருஷமாத் தூக்கல்தான்."

ஏன் இன்று சொன்னார்?

நவம்பர் 14, வெள்ளி

விடைபெறும் விழா. பொன்னாடை, பூங்கொத்து, பேச்சு. ஏழு பேர் பேசினார்கள். என்னைப் போல ஓர் ஆசிரியை கிடைப்பது அரிது என்றார்கள், இழப்பு என்றார்கள், ஈடு செய்ய முடியாது என்றார்கள். தாளாளர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நான் மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன்: ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒருவர்கூட எட்டு போடவில்லை. சேரன் மட்டும் பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பேசச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கும் இதே ஊர்தான்; ஒன்பதுதான் போட வரும்.

மேடையிலிருந்து இறங்கும்போது தாளாளரிடம் கேட்டேன்: "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருச்சே சார். அந்த எந்திரத்தை ஒரு தடவை ஓட்டிக்கவா?"

பொன்னாடையும் பூங்கொத்துமாக நிற்கிறவளிடம் எப்படி மறுப்பது? "தாராளமா மிஸ்" என்றார்.

அருள்மணி கத்தியால் உறையைக் கீறினார். ஏழு பொட்டும் ஒரே கிழிசலில் இரண்டானது. ஃபிரிட்ஜில் கடைசியாக ஒரு பொட்டலம், உலர்த்தி வைத்த சக்கை மாவு இருந்தது. ஊற வைத்து, முன்பு போலவே வேக வைத்து, நொதி சேர்த்துக் காத்திருந்து, மூன்று மணிக்கு ஊற்றினோம். எந்திரம் முதலில் உறுமியது, பிறகு சீராக ஓடியது. பழுதாகவில்லை. குழாயில் வந்தது பாலாடை போல இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். அரிக்கவில்லை. அருள்மணியும் தேய்த்துப் பார்த்தார். இரண்டு பேரும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் சீர்ப் பாத்திரம் ஒன்றில் கூழை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நேர் வழியாகவே போனேன். முனியாயி அக்கா எழுந்து நின்றார். ஓர் அடுப்பு கேட்டேன். விலகி இடம் கொடுத்தார். நான் ரவையை வறுக்கத் தொடங்கியதும் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இங்கிட்டுக் குடுங்க. தீய விட்டுட்டு நிப்பீங்க." அவர் வறுத்தார், நான் கூழைச் சேர்த்தேன். நெய் ஒரு சொட்டும் இல்லை.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். தாள் எதுவும் கையில் இல்லை. அவர் ஒரு வாய் எடுத்தார். அடுத்த வாய்க்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"இல்லக்கா."

"தொண்டையில அரிக்கல. அந்த வாடையும் போயிருச்சு. ஆனா நெய்யி இல்லாதது தெரியுது மிஸ். நாக்குல நிக்க மாட்டேங்குது." இன்னொரு வாய். "நாலு."

"நாலா?"

"நாலுதான். நீங்க இன்னைக்குப் போறீங்கன்னு கூட்டிப் போட முடியாது."

தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பிறகு பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, பெயர் வெட்டிய பக்கம் மேலே தெரிய என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் பழைய பதிவேட்டைத் திறந்து, ஈ-க்குக் கீழே எழுதினேன்:

மாதிரி உ. நெய் இல்லை. சுவைத்தவர் ஒருவர், செய்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். மதிப்பெண்: 4.